வீட்டு பீரும் நீல வெளிச்சமும்

முப்பது பாட்டில் பீரை அரை மணி நேரத்தில் கெடுத்திருக்கிறேன், அதுவும் வெயிலில் உட்கார்ந்து, ரசித்து ரசித்து. பாட்டில் நிரப்புகிற நாளில் தரையெல்லாம் சிந்தும், பிசுபிசுக்கும். அதனால் வெளியே, தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடத் தோதான சிமெண்ட் தரையில் வைத்து நிரப்பினால் வேலை சுலபம் என்று நினைத்தேன். பாட்டில்கள் எல்லாம் வெள்ளைக் கண்ணாடி, அதாவது நிறமே இல்லாத தெளிந்த கண்ணாடி, மாதக்கணக்கில் சேர்த்து வைத்தவை. காலை பத்து மணி, நல்ல வெயில், நல்ல காற்று. ஒரு மாதம் கழித்து முதல் பாட்டிலைத் திறந்தால், எரிந்த ரப்பரும் ஏதோ செத்துக் கிடப்பதும் சேர்ந்த மாதிரி ஒரு வாடை. பத்தாவது பாட்டிலில் கொஞ்சம் குறைவு, இருபதாவதில் இன்னும் குறைவு, கடைசியாக நிரப்பிக் கையோடு உள்ளே எடுத்துப்போன நாலைந்து மட்டும் குடிக்கும்படி இருந்தன. மூடியில் வரிசை எண் எழுதி வைக்கிற பழக்கம் இருந்ததால்தான் விஷயம் பிடிபட்டது. கிருமி புகுந்திருந்தால் இப்படி வரிசை பார்த்துக் கெடாது. அன்று எண் வாரியாகக் கூடிக் குறைந்தது ஒன்றே ஒன்றுதான்: ஒவ்வொரு பாட்டிலும் வெயிலில் நின்ற நேரம்.

வெளிச்சம் பட்டால் பீர் கெடும், பழுப்பு பாட்டிலில் போடு, அவ்வளவுதான் என்று வீட்டில் பீர் செய்கிற எல்லாருக்கும் யாராவது சொல்லியிருப்பார்கள். எனக்கும் சொன்னார்கள். ஆனால் எந்த வெளிச்சம், எவ்வளவு நேரம், எந்தக் கட்டத்தில் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த முப்பது பாட்டில் தப்பியிருக்கும். பீருக்கு வெளிச்சம் என்பது கணக்கில் ஏறிக்கொண்டே போகிற கடன் மாதிரி: நொதிகலனில் கொஞ்சம், நிரப்பும்போது கொஞ்சம், அலமாரியில் கொஞ்சம், கடைசியில் கிளாஸில் கொஞ்சம். பாட்டிலின் நிறம் இந்தக் கணக்கில் ஒரு வரி மட்டும்தான்.

முதலில் அந்த நாற்றத்தைப் பற்றி. ஆங்கிலம் பேசுகிறவர்கள் இதை ஸ்கங்க் நாற்றம் என்பார்கள். ஸ்கங்க் என்பது அமெரிக்கக் கண்டங்களில் திரியும் கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட சிறு விலங்கு. பயமுறுத்தினால் பின்பக்கத்திலிருந்து ஒரு திரவத்தைப் பீய்ச்சியடிக்கும், பட்ட துணியைத் தூக்கி எறிய வேண்டியதுதான். பீரில் உருவாவது 3-மெத்தில்-2-பியூட்டீன்-1-தயால் என்கிற கந்தகச் சேர்மம், சுருக்கமாக எம்பிடி. ஸ்கங்க் பீய்ச்சுகிற திரவத்தில் இருக்கும் சரக்குகளில் ஒன்று 3-மெத்தில்-1-பியூட்டேன்தயால். இரண்டுக்கும் ஒரே ஒரு இரட்டைப் பிணைப்புதான் வித்தியாசம், ஆகவே அந்தப் பெயர் வெறும் கேலிக்கு வைத்தது அல்ல. கஞ்சாவின் அந்தக் குப்பென்ற வாடைக்கும் இதே எம்பிடிதான் முக்கியக் காரணம் என்று 2021-இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். பீருக்குக் கசப்பு தருவதற்காகப் போடுகிற ஹாப்ஸ் என்ற கொடியின் பூவும் கஞ்சாவும் ஒரே தாவரக் குடும்பம் என்பதால் உடனே முடிச்சுப் போடத் தோன்றும். ஆனால் பீரில் இது செடியிலிருந்து நேராக வந்து சேர்வதில்லை, வெளிச்சம் பட்ட பிறகுதான் பிறக்கிறது.

இந்தச் சேர்மத்தின் கொடுமை அதன் அளவில் இருக்கிறது. ஒரு லிட்டரில் நாலைந்து நானோகிராம் இருந்தாலே பலரின் மூக்குக்குத் தெரிந்துவிடும். ஒலிம்பிக் நீச்சல்குளம் ஒன்றில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் பிடிக்கும்; அது முழுக்க நாற வைக்க சுமார் 10 மில்லிகிராம் போதும், அதாவது ஒரு அரிசி மணியின் எடையில் பாதி கூட இல்லை. இன்னொரு பக்கம் இதற்கு மூலப்பொருளான ஹாப்ஸின் கசப்பு அமிலங்கள் சாதாரண பீரில் லிட்டருக்கு 20 மில்லிகிராம் இருக்கும் என்று வையுங்கள். 20 மில்லிகிராம் என்றால் இரண்டு கோடி நானோகிராம். அந்த இரண்டு கோடியில் பத்து இருபது நானோகிராம் உடைந்தாலே மூக்கைச் சுளிக்க வேண்டியதாகிவிடும். கசப்பு ஒரு துளிகூடக் குறைந்திருக்காது, நிறம் மாறியிருக்காது, நுரை அப்படியே நிற்கும். பார்த்துக் கண்டுபிடிக்க எந்த வழியும் இல்லை.

இது எப்படி நடக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க நூறு வருஷத்துக்கு மேல் ஆனது. வெயில் பட்ட பீர் கெட்ட வாடை அடிக்கிறது என்று 1875-இலேயே லின்ட்னர் என்ற ஜெர்மானிய அறிஞர் பதிவு செய்துவிட்டார். 1960-களின் தொடக்கத்தில் ஜப்பானிய ஆய்வாளர் குரோய்வாவும் அவருடன் வேலை செய்தவர்களும், குற்றவாளி எம்பிடி என்றும், கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தின் நீலப் பகுதிதான் வேலையைச் செய்கிறது என்றும், அதில் ரிபோஃபிளேவினுக்குப் பங்கு உண்டு என்றும் காட்டினார்கள். அப்புறம் 2001-இல் பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தின் டெனிஸ் டி கியூகெலேர், அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தின் மால்கம் ஃபோர்ப்ஸ் ஆகியோரின் குழு, மூலக்கூறு உடையும்போது கணநேரம் மட்டும் உயிரோடு இருக்கும் துண்டுகளைக் கருவியில் பிடித்து, எது எங்கே உடைகிறது என்பதை ஓரளவு முழுமையாகவே சொல்லிவிட்டது.

கதை இதுதான். ஹாப்ஸைக் கொதிக்கிற மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்) சாற்றில் போடும்போது அதிலுள்ள ஆல்ஃபா அமிலங்கள் வடிவம் மாறி ஐசோ ஆல்ஃபா அமிலங்களாகின்றன. பீரின் கசப்பு பெரும்பாலும் இவைதான். இவற்றால் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தை உறிஞ்ச முடியாது. புறஊதாக் கதிர் நேராகப் பட்டால் உடையும், ஆனால் குறைந்த அலைநீளப் புறஊதாவைச் சாதாரணக் கண்ணாடியே பெருமளவு தடுத்துவிடும். அப்படியானால் கண்ணாடிக்குள் இருக்கிற பீர் எப்படிக் கெடுகிறது? நடுவில் ஒரு தரகர் இருக்கிறார். ரிபோஃபிளேவின், அதாவது நாம் நல்லது என்று நினைக்கிற பி2 வைட்டமின். மால்ட்டிலிருந்தும் ஈஸ்ட்டிலிருந்தும் பீருக்குள் வருகிறது. மஞ்சள் நிறப் பொருள் இது. மஞ்சளாகத் தெரிவதற்குக் காரணமே நீலத்தை உறிஞ்சிக்கொள்வதுதான். வெளிச்சத்தின் அலைநீளத்தை நானோமீட்டரில் அளப்பார்கள்; இது 450 நானோமீட்டரை ஒட்டி நன்றாக உறிஞ்சும், 370-ஐ ஒட்டியும் உறிஞ்சும், 500-ஐத் தாண்டினால் ஏறக்குறைய கண்டுகொள்ளாது. இப்படி உறிஞ்சிய ஆற்றலோடு துள்ளுகிற ரிபோஃபிளேவின் பக்கத்தில் இருக்கும் ஐசோ ஆல்ஃபா அமிலத்திடமிருந்து ஒரு எலக்ட்ரானைப் பிடுங்குகிறது. அமிலத்தின் பக்கக் கிளை முறிகிறது, முறிந்த துண்டு கார்பன் மோனாக்சைடை உதறிவிட்டு ஐந்து கார்பன் துண்டாக நிற்கிறது. மால்ட் புரதங்களிலிருந்து வந்த சிஸ்டீன் போன்ற கந்தகமுள்ள பொருள்கள் பீரில் எப்போதும் இருக்கும். அங்கிருந்து கந்தகம் வந்து ஒட்டினால் எம்பிடி தயார்.

பால் கடைக்காரர்களுக்கும் இந்தத் தரகரைத் தெரியும். பாலில் ரிபோஃபிளேவின் தாராளம். வெள்ளை பாட்டிலில் வெயிலில் வைத்த பால் ஒரு மாதிரி வேகவைத்த முட்டைக்கோஸ் வாடை அடிப்பதற்கும் இவர்தான் காரணம், அங்கே உடைவது மெத்தியோனின் என்ற வேறு சரக்கு. ஷாம்பெயினிலும் இதே தொல்லை உண்டு. லூயி ரோடரரின் கிரிஸ்டல் ஷாம்பெயின் 1876-இல் ரஷ்யச் சக்கரவர்த்தி இரண்டாம் அலெக்சாண்டருக்காகத் தெளிந்த பாட்டிலில் செய்யப்பட்டது. இன்று அதே பாட்டிலை ஆரஞ்சு நிறத் தாள் சுற்றித்தான் விற்கிறார்கள். அந்தத் தாள் அழகுக்கு என்று நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதைப் புரிந்துகொண்டால் நடைமுறையில் பல பேர் தவறாகப் பிடித்திருக்கும் ஒரு விஷயம் தெளியும். "புறஊதாதான் பிரச்சினை, வீட்டுக்குள் எல்இடி விளக்கில் புறஊதா கிடையாது, கவலையில்லை" என்பார்கள். வெள்ளை எல்இடி என்று நாம் சொல்வது உண்மையில் 450 நானோமீட்டரை ஒட்டி ஒளிரும் நீல எல்இடி. அதன் மேல் மஞ்சளாக ஒளிரும் ஒரு பூச்சு பூசி, இரண்டும் கலந்து வெள்ளையாகத் தெரிய வைக்கிறார்கள். ரிபோஃபிளேவினுக்கு எந்த நீலம் வேண்டுமோ அதே நீலத்தைத் தேடிப் பிடித்துக் கொடுத்த மாதிரி. பழைய டியூப்லைட்டும் சளைத்தது இல்லை, அதில் பாதரசத்தின் 405, 436 நானோமீட்டர் கோடுகள் உண்டு. மாறாக, அந்தக் காலத்துக் குண்டு பல்பில் நீலம் குறைவு. மஞ்சள் அல்லது சிவப்பு விளக்கு போட்டால் கிட்டத்தட்ட ஆபத்தே இல்லை. பீர் வைத்திருக்கும் அறைக்கு ஒரு சிவப்பு பல்பு மாட்டியிருக்கிறேன், பார்க்கிறவர்கள் இங்கே போட்டோ கழுவுகிறாயா என்று கேட்கிறார்கள்.

இன்னொரு தவறான நம்பிக்கை சூடு பற்றியது. குளிரவைத்த பீரை வெளியே எடுத்து, சூடாகி, மறுபடி குளிரவைத்தால் ஸ்கங்க் வாடை வந்துவிடும் என்று பலர் சத்தியம் செய்வார்கள். வராது. சூட்டினால் பீர் வேறு விதமாகப் பழசாகும்: ஆக்ஸிஜன் சேர்ந்து ஈர அட்டைப் பெட்டி மாதிரி ஒரு சப்பென்ற சுவை, ஹாப்ஸ் மணம் மங்குவது, இப்படி. அது நாள்கணக்கில், வாரக்கணக்கில் நடப்பது. எம்பிடி உருவாக வெளிச்சம் வேண்டும், வெளிச்சம் இருந்தால் பீர் சில்லென்று இருந்தாலும் உருவாகும். கண்ணாடிக் கதவு போட்டு உள்ளே நாள் முழுக்க விளக்கெரிகிற ஃபிரிட்ஜ் இருக்கிறதே, பீருக்கு அது சிரித்துக்கொண்டே குழிபறிக்கிற இடம். அழுகிய முட்டை வாடையையும் இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். அது ஹைட்ரஜன் சல்ஃபைடு, நொதிக்கும்போது ஈஸ்ட் விடுவது, பெரும்பாலும் பொறுத்திருந்தால் வாயுவோடு போய்விடும். எம்பிடி அப்படிப் பொறுத்திருந்தால் போகிற விருந்தாளி இல்லை.

சந்தேகம் இருப்பவர்கள் ஒரு மதியம் செலவழித்துப் பார்க்கலாம். நல்ல நிலையில் இருக்கும், வெளிர் நிறமான, கசப்புள்ள பீர் ஒரு பாட்டில் எடுத்து இரண்டு கண்ணாடி கிளாஸில் பாதிப் பாதி ஊற்றுங்கள். ஒன்றுக்கு அலுமினியத் தாளை அடி, பக்கம், வாய் எல்லாம் மூடும்படி சுற்றிவிடுங்கள். மற்றது வெறுமனே, ஆனால் வாயை மெல்லிய பிளாஸ்டிக் தாளால் மூடி, ரப்பர் போட்டுவிடுங்கள், வாடை பறந்துவிடாமல் இருக்கத்தான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நேரடி வெயிலில் பதினைந்து நிமிடம் வையுங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு சூடாகியிருக்கும், இரண்டும் ஒரே அளவு வாயு இழந்திருக்கும். தாள் சுற்றியதை முதலில் முகருங்கள், அப்புறம் மற்றதை. வரிசை முக்கியம், நாறுவதை முதலில் முகர்ந்தால் மூக்கு மரத்துப்போய் இரண்டாவதும் நாறுவதாகத் தோன்றும் அல்லது எதுவுமே தெரியாது. ஒருமுறை இப்படிப் பிடித்துக்கொண்டால் ஆயுளுக்கும் மறக்காது, அதுதான் தொந்தரவும். விருந்தில் யாராவது பச்சை பாட்டிலை நீட்டினால் முகம் மாறுவதை மறைக்க முடிவதில்லை.

பாட்டில் நிறத்துக்கு வருவோம். பழுப்புக் கண்ணாடியின் நிறம் இரும்பும் கந்தகமும் சேர்ந்து தருவது; நீலத்தையும் அதற்குக் கீழே உள்ளதையும் பெரும்பகுதி விழுங்கிவிடும். பச்சைக்குக் காரணம் குரோமியம். அது புறஊதாவில் ஒரு பங்கைத் தடுக்கும், ஆனால் நமக்குத் தேவையான 400 முதல் 500 நானோமீட்டர் பகுதியில் நிறைய விட்டுவிடும். வெள்ளைக் கண்ணாடி கண்ணுக்குத் தெரிகிற எல்லாவற்றையும் உள்ளே விடும், அதனால்தான் அது வெள்ளையாகவே இருக்கிறது. இதை நம்பிக்கையின் பேரில் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஒரு பழைய சிடியை எடுத்து, போனின் டார்ச் வெளிச்சம் அதில் பட்டுத் தெறிக்கும்படி சாய்த்தால் வானவில் பட்டை தெரியும். டார்ச்சுக்கும் சிடிக்கும் நடுவில் காலி பழுப்பு பாட்டிலைப் பிடியுங்கள்: சிவப்பும் மஞ்சளும் பச்சையில் கொஞ்சமும் இருக்கும், நீலம் இருந்த இடம் இருண்டு போயிருக்கும். பச்சை பாட்டிலைப் பிடித்தால் நீலம் மங்கலாகும், ஆனால் அங்கேயே இருக்கும். வெள்ளை பாட்டிலில் எதுவுமே மாறாது. எந்த அட்டவணையையும் விட இந்த ஒரு நிமிடம் எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தது.

பழுப்பும் சுவர் இல்லை, கசியும். மெல்லிய பாட்டில் இன்னும் கொஞ்சம் அதிகமாகக் கசியும். பழுப்புக் கண்ணாடி நமக்கு வாங்கித் தருவது நேரம் மட்டுமே. ஜன்னலோரம் வாரக்கணக்கில் வரிசையாக அடுக்கி அழகு பார்த்தால் பழுப்பும் கைவிட்டுவிடும்.

இப்போது கடன் கணக்கு. நேரடி வெயிலின் பிரகாசம் ஏறக்குறைய 1,00,000 லக்ஸ். நன்றாக விளக்கு போட்ட அறை 400 லக்ஸ் என்று வைத்துக்கொள்வோம். வெயில் 250 மடங்கு. அப்படியானால் வெயிலில் 10 நிமிடம் என்பது அறை வெளிச்சத்தில் 2,500 நிமிடம், அதாவது 42 மணி நேரம். லக்ஸ் என்பது கண்ணுக்கு எவ்வளவு பிரகாசம் என்பதன் அளவு, அதில் நீலம் எவ்வளவு என்று சொல்லாது, ஆகவே இது விரல்விட்டு எண்ணுகிற கணக்குத்தான், துல்லியம் எதிர்பார்க்கக் கூடாது. இருந்தாலும் அது சொல்வதைக் கேளுங்கள். இருபது லிட்டர் வெள்ளைக் கண்ணாடிக் கார்பாயில், அதாவது குறுகிய கழுத்துள்ள பெரிய ஜாடியில், பீர் இரண்டு வாரம் நொதிக்கிறது, அந்த அறையில் தினமும் பத்து மணி நேரம் விளக்கு எரிகிறது என்றால் மொத்தம் 140 மணி நேரம். வெயிலில் அரை மணி நேரத்துக்கு மேல் வைத்ததற்குச் சமம். வெயில் படாத அறையில்தானே வைத்தேன் என்று சொல்லிக்கொண்டு, நான் வெளியே உட்கார்ந்து நிரப்பிய அதே தப்பை மெதுவாகச் செய்கிறோம்.

பெரிய கலன் என்பதால் நடுவில் இருக்கும் பீருக்கு வெளிச்சம் போகாதே என்று கேட்கலாம். கேட்பதில் நியாயம் உண்டு. ஈஸ்ட் கலங்கலாக மிதக்கும் நாட்களில் வெளிச்சம் ஓரத்தைத் தாண்டி ரொம்ப உள்ளே போகாது. ஆனால் நொதித்தல் சூடுபிடித்திருக்கும்போது பீர் சும்மா நிற்பதில்லை, குமிழிகளோடு மேலும் கீழும் சுழன்றுகொண்டே இருக்கிறது. ஓரத்தில் இருப்பது உள்ளே போகும், உள்ளே இருப்பது ஓரத்துக்கு வரும். எல்லாப் பீரும் முறை வைத்து வெயில் காய்கிற மாதிரி. அப்புறம் ஈஸ்ட் அடியில் படிந்து பீர் தெளிந்துவிட்டால் தடுக்கிற கலங்கலும் போய்விடும்.

ஆகவே நான் பாட்டிலைவிட நொதிகலனுக்குத்தான் அதிக மரியாதை கொடுப்பேன். தீர்வு கேவலமான அளவுக்கு எளிமை: கார்பாயின் மேல் ஒரு பழைய கறுப்பு டி-ஷர்ட்டை மாட்டுங்கள். கழுத்து வழியாகக் கார்பாயின் கழுத்தும், வாயுவை வெளியே விட்டுக் காற்றை உள்ளே விடாத ஏர்லாக் மூடியும் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், கைகளை முன்னால் கட்டிவிடலாம், பார்ப்பதற்கு யாரோ தொப்பையோடு மூலையில் உட்கார்ந்திருப்பது போல இருக்கும். முதல் தடவை நான் வெள்ளை டி-ஷர்ட் போட்டேன். இருட்டறையில் கைக்குள் டார்ச்சை வைத்து அந்தத் துணியால் மூடிப் பார்த்தபோதுதான் அது எவ்வளவு வெளிச்சத்தை விடுகிறது என்று தெரிந்தது. நீங்கள் மாட்டப்போகும் துணியையும் அப்படிச் சோதியுங்கள். கசிந்தால் இரண்டு மடிப்பு. அட்டைப் பெட்டியைக் கவிழ்த்தாலும் சரி, கறுப்புக் குப்பைப் பையைச் சுற்றினாலும் சரி. பை போட்டால் ஏர்லாக்கிலிருந்து வாயு வெளியேற வழி விடுங்கள். வெள்ளை பிளாஸ்டிக் வாளியில் நொதிக்கவைப்பவர்கள் தங்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை என்று நினைக்கிறார்கள். வாளிக்கு வெளியே டார்ச்சை அழுத்திப் பிடித்து உள்ளே எட்டிப் பார்த்தால் சுவரே ஒளிரும். எவர்சில்வர் நொதிகலன் வைத்திருப்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம்.

நுரை எப்படி எழும்பியிருக்கிறது என்று துணியைத் தூக்கிப் பார்க்கிற ஆசையை யாரும் அடக்க முடியாது, அடக்கவும் வேண்டாம். அறை வெளிச்சத்தில் இரண்டு நிமிடம் ஒன்றும் செய்யாது. பார்த்துவிட்டு மூட மறந்துபோய்த் தூங்கப் போவதுதான் செய்யும்.

பாட்டில் நிரப்பும் நாளில் பீர் மிக ஆபத்தான உருவத்தில் இருக்கிறது: தெளிந்து, மெல்லிய குழாய் வழியாக, எல்லாப் பக்கமும் வெளிச்சம் படும்படி ஓடுகிறது, பிறகு சின்னச் சின்னப் பாட்டில்களில் பிரிந்து நிற்கிறது. பாட்டில் சின்னதாக ஆக ஆக, ஒவ்வொரு மில்லிலிட்டருக்கும் கிடைக்கிற வெளிச்சம் கூடும். ஜன்னலுக்கு முதுகு காட்டி, மாலையில் அல்லது மங்கலான விளக்கில் நிரப்பினால் போதும். நிரப்பியதை ஐந்து ஐந்தாக அட்டைப் பெட்டிக்குள் இறக்கிவிடுங்கள், முப்பதும் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பாட்டிலுக்குப் பதில் கெக் என்கிற உலோகப் பீப்பாயில் ஊற்றுகிறவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை, ஆனால் கெக்கிலிருந்து குழாய் வரை தெளிந்த பிளாஸ்டிக் டியூப் போகிறது என்றால் அதற்குள் ராத்திரி முழுக்க நிற்கிற அரை கிளாஸ் பீர் மறுநாள் முதல் கிளாஸில் வந்து சேரும். முதல் கிளாஸ் மட்டும் ஏன் ஒரு மாதிரி என்று மண்டையைக் குடைந்துகொண்டிருந்த நண்பருக்கு, டியூபைச் சுற்றிக் கறுப்பு இன்சுலேஷன் பஞ்சு மாட்டியதும் சரியானது.

வெள்ளை பாட்டில்தான் கையில் இருக்கிறது என்றால் தூக்கி எறியாதீர்கள். மூடியிட்ட அட்டைப் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளை பாட்டில், அலமாரியில் நிற்கும் பழுப்பு பாட்டிலைவிடப் பத்திரம். பெட்டியில் கைப்பிடி ஓட்டைகளை மட்டும் டேப் போட்டு அடையுங்கள். யாருக்காவது பரிசாகக் கொடுக்கும்போதுதான் சிக்கல், வாங்கியவர் அதைப் பெருமையாக ஜன்னலில் வைப்பார். அவர்களுக்கு நான் பழுப்பு பாட்டில்தான் கொடுப்பேன், அல்லது அலுமினியத் தாள் சுற்றி, பிரிக்காதே என்று எழுதிக் கொடுப்பேன்.

அப்படியானால் பெரிய கம்பெனிகள் வெள்ளை பாட்டிலில் விற்கின்றனவே, அவை எப்படிச் சமாளிக்கின்றன? எல்லாம் சமாளிப்பதில்லை என்பது ஒரு பதில். சில பீர்களின் அந்த லேசான வாடையை வாடிக்கையாளர்கள் அந்த பீரின் அடையாளம் என்றே பழகிவிட்டார்கள். சமாளிப்பவை ஹாப்ஸையே மாற்றுகின்றன. 1903-இலிருந்து விற்பனையில் இருக்கும் மில்லர் ஹை லைஃப் போன்ற வெள்ளை பாட்டில் பீர்களில் கசப்புக்கு, ஹைட்ரஜன் ஏற்றிப் பக்குவப்படுத்திய ஹாப்ஸ் சாற்றைப் பயன்படுத்துகிறார்கள். முறிந்தால் எம்பிடி ஆகிற அந்தக் கிளையிலேயே மாற்றம் செய்துவிடுவதால், வெளிச்சம் பட்டாலும் அந்தத் துண்டு கிடைக்காது. டெட்ரா என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஒரு வகைக்கு நுரையை நன்றாக நிறுத்துகிற குணமும் உண்டு. வீட்டில் செய்பவர்களுக்கும் இது கிடைக்கிறது, ஆனால் நான் பரிந்துரைக்க மாட்டேன். இது வேலை செய்ய வேண்டுமானால் சாதாரண ஹாப்ஸ் ஒரு சிட்டிகை கூடச் சேரக் கூடாது. முந்தைய பீரின் அடியிலிருந்து எடுத்த ஈஸ்ட்டை மறுபடி போட்டால் அதில் ஒட்டிக்கொண்டு வருகிற பழைய கசப்பு அமிலமே போதும் காரியத்தைக் கெடுக்க. அதனால் இந்த முறையில் செய்பவர்கள் ஈஸ்ட்டைக்கூடத் தனியாக வளர்க்கிறார்கள். அட்டைப் பெட்டி செய்கிற வேலைக்கு இவ்வளவு பாடா? நானோகிராம் கணக்கு என்று முன்னால் சொன்னதை இங்கே நினைத்துப் பாருங்கள்.

அடர் நிற பீர்கள் தப்பிக்குமா என்றால், கொஞ்சம். வறுத்த மால்ட்டின் நிறப்பொருள்கள் நீலத்தைத் தாங்களே உறிஞ்சிக்கொள்வதால் ரிபோஃபிளேவினுக்குப் போய்ச் சேருவது குறைகிறது, வறுவல் மணமும் மீதியை மூடி மறைக்கும். முழுப் பாதுகாப்பு என்று நம்பி ஸ்டவுட் மாதிரியான கறுப்பு பீரை ஜன்னலில் வைக்க வேண்டாம். ஹாப்ஸே இல்லாமல் மூலிகை போட்டுச் செய்கிற பழைய பாணி பீரில் மட்டும் இந்த நாற்றத்துக்கு வழியே இல்லை, உடைய வேண்டிய அமிலமே கிடையாதே.

கெட்டுப்போனதைச் சரிசெய்ய வழி கேட்டு அலைந்தவர்களில் நானும் ஒருவன். வீட்டில் செய்யக்கூடிய எதுவும் இல்லை. எலுமிச்சைத் துண்டு போட்டால் மூக்கு கொஞ்சம் ஏமாறும், அவ்வளவுதான். அந்த முப்பதில் முதல் பத்தைக் கொட்டிவிட்டேன், ஒன்றை மட்டும் மூடி எண்ணோடு வைத்திருக்கிறேன், புதிதாகப் பீர் செய்யத் தொடங்குகிறவர்கள் வந்தால் திறந்து முகரக் கொடுப்பதற்கு.

கடைசி வரி கிளாஸில். இத்தனை கறுப்புத் துணி, அட்டைப் பெட்டி எல்லாம் தாண்டி வந்த பீரை நாம் என்ன செய்கிறோம், வெயில் அடிக்கும் இடத்தில் மேசை போட்டு, தெளிந்த கண்ணாடி கிளாஸில் ஊற்றி, நிறத்தைப் பார்த்துப் பெருமைப்பட்டுக்கொண்டு அரை மணி நேரம் பேசுகிறோம். நல்ல வெயிலில் வெளிர் நிற பீருக்குச் சில நிமிடங்கள் போதும், கடைசி வாய் முதல் வாய் மாதிரி இருக்காது, குடிப்பவர் பீர் சூடாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வார். வெளியே குடிக்கும்போது நான் எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிக்கொடுக்கிறேன். நிறம் தெரியவில்லையே என்று ஒருவர் குறைபட்டார். அவருக்குக் கண்ணாடி கிளாஸில் கொடுத்து, நிழலில் போய் உட்காரச் சொன்னேன்.